கட்டிலில் பாதி, பட்டறையில் பாதி

வாசகர் கேள்வி – பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் கடலூர் முதுநகர். 1991இல் துறைமுகத்துப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மூன்று வருடம் கழித்து, எனக்குக் கால் செய்து கொடுத்தவரிடமே வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு செயற்கைக்கால் பட்டறை. நான் டாக்டர் இல்லை. புண், மருந்து, சர்க்கரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். எடுத்தது போக மிச்சம் இருக்கும் காலை ஆஸ்பத்திரியில் ‘ஸ்டம்ப்’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ‘மொட்டைக்கால்’ என்று எழுதினால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. இருபது வருடச் சர்க்கரை. விரலில் ஆரம்பித்த புண் மேலே ஏறி, ஐந்து வாரத்துக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்தாயிற்று. ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிகிறது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் கால் போட்டு அப்பாவை மேடையில் நிற்க வைக்க வேண்டும். எப்போது அளவெடுக்க வரலாம்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, கசிவு நிற்காமல் வராதீர்கள். வந்தாலும் நான் அளவெடுக்க மாட்டேன்.

செயற்கைக்காலில் ஸ்டம்ப் உள்ளே போய் உட்காரும் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். உடம்பின் பாரம் ஸ்டம்பின் நுனியில் இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முட்டிச் சில்லுக்குக் கீழே கெட்டியாக ஒரு நரம்பு போல ஓடுகிறதே, அந்தத் தசைநாரிலும் இரண்டு பக்கத்துச் சதையிலும்தான் பெரும்பாலான பாரத்தை ஏற்றுவோம். ஆனாலும் ஒவ்வொரு எட்டுக்கும் தோல் முழுவதும் உரசும், வியர்க்கும், புழுங்கும். நன்றாக மூடாத தையல் அதைத் தாங்காது. சர்க்கரைக்காரருக்கு அது திறந்துகொண்டால், அடுத்த ஆபரேஷன் முழங்காலுக்கு மேலே போய்விடலாம். முழங்கால் மிஞ்சியது உங்கள் அப்பாவுக்குப் பெரிய சொத்து. முட்டி இருக்கிறவர் செயற்கைக்காலில் நடக்க, சாதாரண நடையைவிடக் கால்பங்கு கூடுதல் தெம்பு போதும் என்பார்கள். முட்டி போனவருக்கு அது பாதிக்கும் மேலே கூடும். 61 வயதில் அந்த வித்தியாசம், வாசல் வரை நடப்பதா கடைத்தெரு வரை நடப்பதா என்கிற வித்தியாசம்.

சரி, அதுவரை சும்மா இருப்பதா? என் பட்டறையில் ஆகிற வேலை நாலைந்து நாள்தான். உங்கள் வீட்டுக் கட்டிலில் ஆக வேண்டிய வேலைக்குத்தான் வாரக்கணக்கு.

முதல் காரியம், முட்டிக்குக் கீழே தலையணை இருந்தால் இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் எடுத்துவிடுங்கள். எனக்கு நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அம்மா இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை என் முட்டிக்கு அடியில் வைத்தார். “புள்ளைக்கு நோவுது” என்று அதை அப்பப்போ தட்டித் தட்டி உப்ப வைப்பார். எனக்கும் சுகமாக இருந்தது. ஏழு வாரம் அப்படியே கிடந்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவெடுக்கப் போனால் முட்டி நீட்ட வரவில்லை. மடங்கியே இருந்தால் தொடைப் பின்பக்கத்துச் சதை குறுகிப்போய் அந்த நிலையிலேயே இறுகிவிடும். பின்னாளில் எனக்கு முதலாளியான அந்த மனிதர் காலைப் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். “இதுக்குக் கால் செஞ்சா நீ நின்னாலும் உக்காந்த மாதிரிதான் தெரிவே” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் நாலு மாதம், பிசியோதெரபி, முட்டிமேல் மணல் மூட்டை, ராத்திரியில் அழுகை. அம்மா அந்தத் தலையணையை அடுப்பில் போட்டு எரித்தார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பாசத்தில் வைத்த தலையணை. ஆனால் என் பட்டறைக்கு வரும் பத்துப் பேரில் நாலு பேர் வீட்டிலாவது அந்தத் தலையணை இன்னும் இருக்கிறது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் ஸ்டம்ப் தொங்கக் கூடாது. தொங்கினால் வீங்கும், மடங்கவும் செய்யும். உட்காரும் இடத்திலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பலகையைச் செருகி, மேலே துணி மடித்துப் போட்டு, அதில் காலை நீட்டி வைக்கட்டும். கட்டிலில் ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இருபது நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். மல்லாந்தும் உட்கார்ந்துமே இருந்தால் இடுப்பு மூட்டும் முன்னால் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். குப்புறப் படுத்தால் இடுப்பும் முட்டியும் சேர்ந்து நீளும். இருதயக் கோளாறோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது கட்டு. இதைத்தான் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே என்றால் நாலு அங்குல கிரேப் பேண்டேஜ். வளையல் மாட்டுவது போல வட்டவட்டமாகச் சுற்றவே கூடாது. அப்படிச் சுற்றினால் நடுவில் இறுகி, நுனிக்குப் போன ரத்தம் திரும்ப வழியில்லாமல், ஸ்டம்ப் பூசணிக்காய் மாதிரி உப்பிவிடும். அந்தப் பூசணிக்காய் எந்த சாக்கெட்டிலும் இறங்காது. குறுக்கும் நெடுக்குமாக, எட்டு போட்ட மாதிரி சாய்த்துச் சாய்த்துச் சுற்ற வேண்டும். நுனியில் நல்ல இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. முட்டியைத் தாண்டித் தொடையில் ஒரு சுற்றாவது ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். சுற்றும்போது முட்டி நேராக இருக்கட்டும். முடிக்கிற இடத்தில் பாக்கெட்டோடு வரும் அந்த இரும்புக் கொக்கியைத் தூக்கிப் போடுங்கள். சர்க்கரைக்காரருக்குத் தோலில் உணர்ச்சி குறைவு. கொக்கி குத்தினால் தெரியாது. பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் போதும். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும், ராத்திரி படுக்கும்போதும் கட்டு இருக்க வேண்டும். நுனி மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, விண்விண் என்று தெறித்தாலோ இறுக்கம் அதிகம், உடனே அவிழ்த்துவிடுங்கள். சர்க்கரையில் கால் போனவர்களுக்கு ரத்த ஓட்டமும் குறைவாக இருப்பது உண்டு. அதனால் முதல் கட்டை ஆஸ்பத்திரியில் ஒருவர் போட்டுக்காட்ட, நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது நல்லது. இரண்டு பேண்டேஜ் வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் இழுவை போய்விடும். துண்டின் மேல் விரித்து நிழலில் காயவையுங்கள்.

வாரத்துக்கு ஒருநாள், குளித்ததும் டெய்லர் டேப்பை எடுத்து முட்டிச் சில்லிலிருந்து நாலு விரல் கீழே ஸ்டம்பைச் சுற்றி அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே நேரம். அளவு குறைந்துகொண்டே வரும். இரண்டு வாரம் ஒரே எண்ணில் நின்று, தையலும் முழுசாகக் காய்ந்துவிட்டதா? அப்போது அந்தக் காலண்டரோடு புறப்பட்டு வாருங்கள். என் கண்ணைவிட அந்தக் காலண்டரைத்தான் நான் நம்புவேன். அப்போது செய்வதும் முதல் கால்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருடம் வரைக்கும் ஸ்டம்ப் சிறுத்துக்கொண்டே போகும், சாக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

இத்தனையும் எழுதிவிட்டு இடது காலைப் பற்றி எழுதாவிட்டால் என்னைவிட மோசமான ஆள் இல்லை. சர்க்கரையில் ஒரு கால் போனவருக்கு மறுகால் எப்போதும் ஆபத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. தினமும் ராத்திரி உள்ளங்காலுக்கு அடியில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது தெரிந்தாலும் மறுநாள் காலையில் டாக்டரிடம் போய்விடுங்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்பு. பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு சரி.

கல்யாணம்? தைக்குள் கால் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் முதல் வாரத்தில் கால்மணி, அரைமணி நேரம்தான் போட விடுவேன். மண்டபத்தில் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி மேடைக்கு ஒரு சாய்வுப் பலகை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாரை வார்ப்பதை உட்கார்ந்தும் செய்யலாம்.

கேள்வி: என் கணவருக்கு லாரி மோதி இடது கால் போய் மூன்று மாதம் ஆகிறது. இல்லாத காலில் கட்டைவிரல் அரிக்கிறது, உள்ளங்கால் எரிகிறது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். வெட்டின காலை முறையாகப் புதைக்கவில்லை, அதுதான் எறும்பு கடிக்கிறது என்கிறார் மாமியார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு மனசு சரியில்லையா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: மனசு சரியாகத்தான் இருக்கிறது, அம்மா. என் இடது கட்டைவிரல் இதை எழுதும்போதும் இருக்கிறது. மழைக்கு முந்தின நாள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கு ஒதுக்கிய இடம் போவதில்லை. அறுபட்ட நரம்பும் சும்மா இருப்பதில்லை. கால் எடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இல்லாத கால் இருப்பது போலத் தோன்றும். அதில் பெரும்பாலானவர்களுக்கு வலியும் எப்போதாவது வரும். பச்சை மிளகாய் அரைத்த கை ராத்திரி எரியுமே, எனக்கு அந்த மாதிரி. நாளாக ஆகப் பலருக்கு இடைவெளி கூடி, வேகம் குறையும்.

எறும்புக் கதையை எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த உறுப்புகளை விதிப்படி மஞ்சள் பையில் போட்டு எரித்துவிடுவார்கள், அல்லது ஆழமாகப் புதைப்பார்கள். எரித்தவருக்கும் அரிக்கிறது, புதைத்தவருக்கும் அரிக்கிறது. ஆனால் மாமியாரிடம் இதை வாதாடி ஜெயிக்க வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். தையல் நன்றாக ஆறியிருந்தால், ஸ்டம்பை முதலில் பஞ்சால், அப்புறம் பருத்தித் துணியால், அப்புறம் சொரசொரப்பான துண்டால், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் தடவிவிடட்டும். விரல் நுனியால் மெதுவாகத் தட்டட்டும். தழும்பு அடியில் எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கட்டைவிரலை வைத்துச் சின்ன வட்டமாக நகர்த்தட்டும். ஸ்டம்புக்குத் தொடுகை பழகப் பழக எரிச்சல் தணியும், பின்னால் சாக்கெட் போடும்போதும் கூசாது. மகன் காலைத் தொடப் பயந்துதான் எறும்பைச் சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என் அம்மா அப்படித்தான் இருந்தார்.

கண்ணாடி வைத்தியம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் கொண்டு வந்தது. இரண்டுக்கு மூன்று அடியில் ஒரு கண்ணாடியை, ஓரம் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்த வேண்டும். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல காலின் பிம்பம் இடது கால் மாதிரியே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நல்ல காலை மெதுவாக மடக்கி நீட்ட, இல்லாத காலையும் அதே மாதிரி மனதுக்குள் அசைக்க வேண்டும். தினம் பத்துப் பதினைந்து நிமிடம். சிலருக்கு முதல்நாள் அழுகை வரும், தலை சுற்றும். அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. இதற்கென்று நரம்பு மாத்திரைகளும் உண்டு. டாக்டரிடம் “இல்லாத கால் வலிக்கிறது” என்று அப்படியே சொல்லுங்கள், சிரிக்க மாட்டார். கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இதற்கான மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறது. வில்லியனூரிலிருந்து கோரிமேடு எவ்வளவு தூரம்?

ஸ்டம்பிலேயே ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தால் அது வேறு, நரம்பு நுனி முடிச்சாக இருக்கலாம். சிவந்து சூடாகி, சீழ் வைத்து, காய்ச்சலும் இருந்தால் கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. கால் இருப்பது போலத் தோன்றுவதால் தூக்கக் கலக்கத்தில் எழுந்து அந்தக் காலை ஊன்றிவிடுவார்கள். தானே புயல் கரையேறிய 2011 டிசம்பர் 30 விடியற்காலை, முதுநகர் வீட்டில் ஓடு பறக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். கால் போய் இருபது வருடம் ஆன ஆள், அதிலும் ஊருக்கே கால் செய்கிற ஆள், இல்லாத இடது காலை ஊன்றிக் கீழே விழுந்தேன். தாடையில் மூன்று தையல். கட்டிலின் அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, ஊன்றுகோலை அதன்மேல் வையுங்கள். தூக்கத்திலும் கையில் தட்டுப்படும்.

கேள்வி: எனக்கு 27 வயது. பைக் விபத்தில் வலது கால் தொடையோடு போனது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இலவச முகாமில் கால் கொடுத்தார்கள். பதினொரு நாள் போட்டேன். கவட்டையில் அறுத்துப் புண்ணாகிவிட்டது. இப்போது பரணில் கிடக்கிறது. எனக்குச் செயற்கைக்கால் ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: பரணிலிருந்து இறக்குங்கள். முந்திரிக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் கால் கிடந்த வீடுகளை உங்கள் ஊரிலேயே நான் பார்த்திருக்கிறேன். சட்டை பிடிக்கவில்லை என்றால் டெய்லரிடம் போகிறோம். கால் பிடிக்கவில்லை என்றால் மட்டும் நம் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொள்கிறோம்.

முகாமில் கால் கிடைப்பது நல்ல காரியம்தான், எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறது. ஆனால் காலையில் அளவெடுத்துச் சாயந்திரம் கையில் கொடுத்தால், நடைப் பழக்கம் யார் கொடுப்பது? தொடையோடு போன காலில் முட்டியும் செயற்கை. அதைப் பூட்டி நிறுத்தி எட்டு வைக்கப் பழகவே வாரங்கள் ஆகும். உங்களுக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை.

கவட்டையில் அறுக்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்டம்ப் சிறுத்து, சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கி, மேல் விளிம்பில் நீங்கள் உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சப்பாத்தி மாவில் நெல்லிக்காய் அளவு உருட்டி, ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கெட்டின் அடியில் போடுங்கள். காலை மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாரம் போட்டு நின்றுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மாவு அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தால் அதிகமாக இறங்குகிறது. உருண்டை அப்படியே இருந்தால் அடியில் இடைவெளி, மேலே எங்கோ இடிக்கிறது. லேசாக அமுங்கியிருந்தால் உயரம் சரி, கோளாறு வேறு இடத்தில்.

அந்த வேறு இடத்தைப் பட்டறையில் நாங்கள் லிப்ஸ்டிக்கால் கண்டுபிடிப்போம். வலிக்கிற தோலில் தடவிவிட்டு சாக்கெட்டை மாட்டிக் கழற்றினால், உள்ளே எங்கே அழுத்துகிறதோ அங்கே சிவப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தைச் சூடு காட்டித் தள்ளுவோம் அல்லது ராவுவோம். மாதத்துக்கு ஒரு லிப்ஸ்டிக் ஆகிறது. மிஷன் வீதி ஃபேன்சி ஸ்டோர்க்காரர் நரைமீசை ஆள் வந்து அடர் சிவப்பே கேட்பதைப் பார்த்து முதலில் ஒரு மாதிரிதான் சிரித்தார், இப்போது தானே எடுத்து வைத்துவிடுகிறார்.

கொஞ்சம் தளர்வு என்றால் ஸ்டம்பில் மாட்டும் சாக்ஸ் ஒன்றைக் கூட்டினால் தீரும். ஸ்டம்ப் காலையில் ஒரு அளவு, சாயந்திரம் ஒரு அளவு. சாக்ஸ் கூட்டிக் குறைப்பது எங்களுக்கு வேட்டி மடித்துக் கட்டுகிற மாதிரி. ஆனால் நாலைந்து சாக்ஸ் ஏற்றினால்தான் நிற்கிறது என்றால் புது சாக்கெட் வேண்டும். பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள். ஒரு தீபாவளி சமயம் நான் திணித்தேன், சுளுவாக இருந்தது, பொங்கலுக்குக் கொப்புளம் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

திரும்பப் போட ஆரம்பிக்கும்போது முதல் நாள் அரைமணி, கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாத இடம்தான் நாளைக்குப் புண். நாளுக்கு நாள் அரைமணி கூட்டுங்கள். ராத்திரி ஸ்டம்பை சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய், கிரீம் எல்லாம் ராத்திரியோடு சரி, காலையில் கூடாது. மயிர் மழிக்கவே வேண்டாம், கட்டி வரும்.

புதுக் காலுக்கு: யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், போட்டோவோடு கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஏற்கெனவே வாங்கியதை மறைக்க வேண்டாம், பொருந்தவில்லை என்று எழுதுங்கள். நடைப் பயிற்சியோடு சேர்த்து வேண்டும் என்றால் சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை. போகும்போது பரணில் இருந்த காலையும் எடுத்துக்கொண்டு போங்கள். அது எங்கே கடித்தது என்று பார்த்தால்தான் அடுத்ததை ஒழுங்காகச் செய்ய முடியும்.

கேள்வி: கரும்புச் சாறு மிஷினில் வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய் நாலு மாதம். இடது கையாலேயே சாப்பிட, எழுதப் பழகிவிட்டேன். இனிமேல் செயற்கைக் கை தேவையா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கைக்கு முதல் ஒரு மாதத்துக்குள் மாட்டிவிடுவது சிறந்தது என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். தள்ளிப்போகப் போக ஒரு கையாலேயே சமாளிக்கப் பழகி, அப்புறம் மாட்டினாலும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நாலு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடவில்லை. கடையைத் திரும்பத் திறக்கப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி. சட்டைக்குள் அழகாக இருக்க வேண்டும் என்றால் ரப்பர் உறை போட்ட கை. வேலை செய்ய வேண்டும் என்றால் மறுதோளை அசைத்தால் கம்பி இழுத்துத் திறக்கும் கொக்கிக் கை. கொக்கி பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் கரும்பைப் பிடிக்கும், கிளாஸைப் பிடிக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொக்கிதான்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. டிராக்டரில் சிக்கி ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வளர்ந்து முடித்தபின் கால் போட்டால் போதும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அளவெடுக்கும்போது வலிக்குமா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். குழந்தை ஓடித்தான் வளர வேண்டும். ஐந்து வயது வரை வருடத்துக்கு ஒன்று, அப்புறம் பன்னிரண்டு வரை இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று கால் மாற்றுவது பொதுக் கணக்கு. சுட்டிப் பிள்ளைகள் அதற்கு முன்பே உடைத்துக்கொண்டு வருவார்கள், அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். பிள்ளைகளுக்கு எலும்பு நுனி வளர்ந்து தோலைக் குத்துவதும் உண்டு. நுனியில் வலி, சிவப்பு என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அளவெடுப்பதில் ஊசி, கத்தி எதுவும் கிடையாது. மெல்லிய காலுறையை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களைக் காப்பியிங் பென்சிலால் குறிப்பேன். அப்புறம் எலும்பு முறிவுக்குப் போடுகிற அதே மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றுவேன். முதலில் சில்லென்று இருக்கும், இறுகும்போது இட்லித்துணி மாதிரி கதகதப்பாகும். அந்தச் சூடுதான் குழந்தைகளைப் பயமுறுத்தும். பத்து நிமிடத்தில் தொப்பியைக் கழற்றுவது போல உருவி எடுத்துவிடலாம். அந்தக் கூட்டுக்குள் மாவு ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும், அதன்மேல்தான் சாக்கெட். வரும்போது அவள் பொம்மையை எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் கட்டு பொம்மைக்கு.

கேள்வி: ஜெய்ப்பூர் கால் போட்டால் சம்மணம் போட்டு உட்காரலாமா? செருப்பில்லாமல் கோயிலுக்குப் போகலாமா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: அதற்காகத்தானே அதைக் கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டுக் கால் ஷூவுக்குள்தான் வாழும். நம் ஆட்கள் தரையில் உட்காருவார்கள், சேற்றில் நடப்பார்கள் என்று 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் ரப்பரில் வார்த்த பாதம் அது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. எனக்கு அந்தக் கைவினைஞர் மேல்தான் மரியாதை கூடுதல், எங்கள் ஜாதி, அதாவது சுத்தியல் ஜாதி. முழங்கால் இருந்தால் சம்மணம் ஓரளவு வரும். தொடையோடு போயிருந்தால் முட்டி எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. கோயிலில் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில்.

கேள்வி: கேட்க வெட்கமாக இருக்கிறது. ஒரு கால் செயற்கை என்றால் செருப்பு ஜோடியாகத்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: ஜோடியாகத்தான், வேறு வழியில்லை. வெட்கப்படவும் ஒன்றுமில்லை, என்னிடம் மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். குதி உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளவு பார்த்த அன்று போட்டிருந்த செருப்பின் குதிக்குத் தகுந்த மாதிரிதான் பாதத்தின் சாய்வை வைப்போம். அரை அங்குலம் உயரமான குதியில் ஏறினால் முட்டியை யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்கும். தட்டையாகப் போட்டால் மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கும். பின்னால் வார் உள்ளதாக வாங்குங்கள். ரப்பர்ப் பாதத்துக்கு விரலை இறுக்கிப் பிடிக்கத் தெரியாது, ஹவாய் செருப்பு பஸ் படிக்கட்டிலேயே தங்கிவிடும். என்னுடையது ஒன்று கடலூர் பஸ்ஸில் பாகூர் வரை தனியாகப் போயிருக்கிறது. கால் சரிபார்க்க வரும் நாளில், நீங்கள் தினமும் போடப்போகிற செருப்பு எதுவோ அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். கல்யாணத்துக்கு வாங்கியதை அல்ல.